ஃப்ளைட் சிமுலேட்டர்ல விமானம் திக்குதா? பார்ட்டு வாங்கக் கெளம்புறதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டுப் போங்க

கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டுல ஒரு பழைய ஓடுதளம் கெடக்கு, ரெண்டாம் உலகப்போர் காலத்துல வெள்ளக்காரன் போட்டது, இப்ப விமானமும் வர்றதில்ல ஒண்ணும் வர்றதில்ல, ஆனா சாட்டிலைட் படத்துல பாத்தா கோடு கிழிச்ச மாதிரி இன்னமும் தெரியும். எங்க ஊரு பக்கம் ஃப்ளைட் சிமுலேட்டர் (கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற கேமு, சுருக்கமா சிம்மு) ஓட்டுற பயலுக அத்தன பேருக்கும் மொத ஆச அதுல போயி எறங்குறதுதான். அதனால எங்களுக்குள்ள டெஸ்ட் ரூட்டே அதான்: திருச்சியில ஏறி, புதுக்கோட்டை, திருமயம் கோட்டை, அப்புறம் செட்டிநாடு. 35 நாட்டிக்கல் மைல் சொச்சம், செஸ்னா 172ங்கிற சின்ன விமானத்துல 110 நாட்ல (மணிக்கு 110 நாட்டிக்கல் மைல்) போனா 20 நிமிஷம். யாராவது போன் போட்டு "அண்ணே சிம்மு திக்குது, என்ன பார்ட்டு மாத்தணும்"னு கேட்டா நான் மொதல்ல கேக்குறது இந்த ரூட்ட ஓட்டிப் பாத்தியா, எந்த எடத்துல திக்குச்சுன்னுதான். ஏறும்போதா, திருமயத்துக்கிட்டயா, எறங்கும்போதா, இல்ல சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டுமா? அதுலயே பாதி வெடை இருக்கு.

ஏன்னா இங்கிட்டு வழக்கம் எப்டின்னா, எது திக்குனாலும் கிராபிக்ஸ் கார்டு மேலதான் பழி. சிமுலேட்டர் மத்த கேம் மாதிரி இல்லங்க. அதுல கடைசியாத்தான் கார்ட சந்தேகப்படணும்.

"பெரிய கார்டு போட்டேன், ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறல"

தேவகோட்டையில மாப்ள ஒருத்தன். பழைய 6ஜிபி கார்ட வித்துட்டு மேல நெறைய காசு போட்டு 12ஜிபி கார்டு வாங்கிட்டான், மாட்டுனான், சென்னை ஏர்போர்ட்ல நின்னா முன்னாடியும் 24 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன படம் வரையுதுங்கிற கணக்கு) இப்பவும் 24 எஃப்பிஎஸ். கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போகக் கெளம்பிட்டான். கடைக்காரன் மேல தப்பில்ல, கார்டு நல்ல கார்டுதான், பாவம் அது சும்மா உக்காந்துருந்துச்சு.

ரெண்டு நிமிஷ சோதன சொல்றேன். ஒரு பெரிய ஏர்போர்ட்ல விமானத்த நிப்பாட்டிட்டு, செட்டிங்ஸ்ல ரெண்டர் ஸ்கேல் 100ல இருக்கும் பாருங்க, அத 50க்கு எறக்குங்க. படம் கேவலமாத் தெரியும், பரவால்ல. எஃப்பிஎஸ் ஏறுச்சா பாருங்க. நல்லா ஏறுச்சுன்னா கார்டுதான் மூச்சு வாங்குது, கார்டு மாத்துறதுல அர்த்தம் இருக்கு. ஏறவே இல்ல, அதே 24ல நிக்கிதுன்னா கணக்குப் போடுற சில்லான சிபியுதான் மாட்டிக்கிட்டு முழிக்குது, நீங்க 4090 போட்டாலும் அதே 24தான். மைக்ரோசாஃப்ட் சிம்முல டெவலப்பர் மோட ஆன் பண்ணி எஃப்பிஎஸ் காட்டுற பொட்டிய எடுத்தா அதுவே "லிமிட்டட் பை மெயின்த்ரெட்"னு எழுதிக் காட்டும், எக்ஸ்-பிளேன்ங்கிற இன்னொரு சிம்முல டேட்டா அவுட்புட்ல ஃப்ரேம் ரேட்ட டிக் பண்ணா சிபியு நேரம் ஜிபியு (கார்டு) நேரம்னு ரெண்டையும் தனித்தனியா போட்ரும், எது பெருசோ அதான் குத்தவாளி.

இதுல எல்லாரும் ஏமாறுற எடம் ஒண்ணு இருக்கு. டாஸ்க் மேனேஜர தொறந்து பாத்துட்டு "சிபியு 25 சதவீதந்தாண்ணே ஓடுது, அது ஃப்ரீயாத்தான் இருக்கு"ன்னுவாங்க. 8 கோர் 16 த்ரெட் சிபியுல (த்ரெட்னா வேல ஓடுற ஒரு வரிசை) ஒரே ஒரு த்ரெட் முழுசா தெணறுனாலும் டாஸ்க் மேனேஜர்ல அது 6 சதவீதம் சொச்சமாத்தான் தெரியும். சிமுலேட்டரோட முக்காவாசி கணக்கு அந்த ஒத்த த்ரெட்லதான் உக்காந்துருக்கு. கல்யாண வீட்ல பதினாறு பேரு எல பொறக்கி சாம்பார் ஊத்தி பம்பரமா நின்னாலும் சோறு வடிக்கிற தவசிப்பிள்ள ஒரே ஆளுன்னா பந்தி அவரு வேகத்துலதான் போகும், அதேதான் இதுவும்.

அதனால சிம்முக்கு சிபியு எடுக்கும்போது எத்தன கோருன்னு பாக்காதீங்க, ஒத்த கோர் வேகத்தையும் எல்3 கேஷையும் (சிபியுக்குள்ளயே இருக்குற வேகமான சின்ன மெமரி) பாருங்க. ஏஎம்டியோட எக்ஸ்3டி வகையறா இங்க ஜெயிக்கிறதுக்கு அந்த கேஷ்தான் காரணம், சாதா 5800எக்ஸ்ல 32 எம்பி, 5800எக்ஸ்3டில 96 எம்பி. வெலை கம்மின்னு 5600ஜி எடுத்தவங்களுக்கு 16 எம்பிதான், அது ஆபீஸ் வேலைக்கு நல்ல சிபியு, சிம்முக்கு பத்தாது. ஏஎம்டியோட பழைய சாக்கெட்டான ஏஎம்4 போர்டு வச்சிருக்கவங்களுக்கு ஒரு நல்ல சேதி, பி450, பி550 போர்டா இருந்தா போர்டையும் ரேமையும் மாத்தாம பயாஸ (போர்டுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர) மட்டும் அப்டேட் பண்ணிட்டு 5700எக்ஸ்3டியோ 5800எக்ஸ்3டியோ கெடச்சா தூக்கி வச்சுக்கலாம். பயாஸ் அப்டேட்ட பழைய சிபியு உள்ள இருக்கும்போதே பண்ணிருங்க, கழட்டுனதுக்கப்புறம் நெனச்சுப் பாத்து முழிக்காதீங்க. புதுசா கட்டுறவங்க புது சாக்கெட்டான ஏஎம்5ல 7800எக்ஸ்3டி, காசு தாராளமா இருந்தா 9800எக்ஸ்3டி.

மாப்ள கதை என்னாச்சுன்னா, சிபியு வாங்க உடனே காசில்ல, அதனால டெரைன் லெவல் ஆஃப் டீடெய்ல (தரை எவ்வளவு நுணுக்கமா தெரியணும்ங்கிற செட்டிங்) 200ல இருந்து 100க்கு எறக்குனோம், ஏர்போர்ட்ல நிக்கிற வண்டி, ஆளுக, ஏஐ டிராபிக் எல்லாத்தையும் கொறச்சோம், 24 வந்து 35 ஆச்சு. பத்து பைசா செலவில்ல. அப்புறம் 30ல லாக் பண்ணிட்டோம், சிம்முக்கு சீரான 30 போதும், 45க்கும் 28க்கும் நடுவுல குதிக்கிறதுதான் கண்ண உறுத்தும். ஃப்ரேம் ஜெனரேஷன்னு ஒண்ணு புது கார்டுகள்ல இருக்கு, சிபியு மாட்டிக்கிட்ட எடத்துல அது நெசமாவே கைகுடுக்கும், நடுவுல ஒரு ஃப்ரேம அதுவே வரஞ்சு சொருகிரும், ஆனா யோக்க (விமான ஸ்டீரிங்க) இழுத்தா வர்ற ரெஸ்பான்ஸ் பழைய வேகந்தான், அத மறந்துறாதீங்க.

ஒண்ணு விட்டுட்டேனே. மானிட்டர் கேபிள எங்க சொருகிருக்கீங்க? சிரிக்காதீங்க, புது கார்டு வாங்கிட்டு மதர்போர்டு எச்டிஎம்ஐலயே சொருகிட்டு "கார்டு வேல செய்யல"ன்னு சொன்ன ஆளு எங்க சொந்தத்துலயே ரெண்டு பேரு.

"வானத்துல வழுவழுன்னு போகுது, எறங்கப்போனா ஸ்லைட் ஷோ"

இது மேல சொன்ன மாதிரி சிபியுவாவும் இருக்கலாம், ஆனா வித்தியாசம் என்னன்னா சிபியுன்னா 40ல இருந்து 25க்கு எறங்கும், கார்டோட மெமரியான விரேம் நெறஞ்சா 40ல இருந்து 6க்கு விழும். அப்டியே பொத்துனு. கொஞ்ச நேரம் அப்டியே நிக்கும், அப்புறம் திரும்ப வரும், இல்ல வரவே வராது. கார்டோட மெமரி நெறஞ்சு மிச்சத்த மெயின் ரேம்ல போயி போயி எடுத்துட்டு வர்றதால வர்ற கூத்து.

டெக்ஸ்சர அல்ட்ராவுல இருந்து ஹைக்கு எறக்கிட்டு அதே எடத்துல எறங்கிப் பாருங்க, சரியாச்சுன்னா விரேம்தான். எம்எஸ்எஃப்எஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்) 2024க்கு அவங்களே சொல்றது கம்மியா 4ஜிபி, பரவால்லங்கிறதுக்கு 8ஜிபி, நல்லாருக்கணும்னா 12ஜிபி விரேம். என் அபிப்பிராயம், பழைய மாடலா இருந்தாலும் 12ஜிபி இருக்குற கார்டு சிம்முக்கு நிம்மதி, வேகமான 8ஜிபி கார்டு மத்த கேமுக்கு நிம்மதி. 4கே டிவியில ஓட்டணும், விஆர்ல ஓட்டணும்னு ஆச இருந்தா 8ஜிபி பக்கமே போகாதீங்க.

டிஎல்எஸ்எஸ் (படத்த சின்னதா வரஞ்சு பெருசாக்கிக் காட்டுற செட்டிங்) போட்டா காக்பிட்ல உள்ள டிஜிட்டல் மீட்டர் எழுத்து எச்சி தொட்டு அழிச்ச மாதிரி ஆகுதுன்னு ஒரு புகார் வரும். அது கார்டு கோளாறு இல்ல, அதோட கொணமே அப்டி. டிஏஏங்கிற சாதா செட்டிங்குக்கு மாத்திட்டா எழுத்து தெளியும், எஃப்பிஎஸ் கொறையும், எது வேணும்னு நீங்கதான் பாத்துக்கணும்.

"ஆவரேஜ் நல்லாத்தான் இருக்கு, ஆனா திரும்பும்போது வெட்டி வெட்டி நிக்கிது"

மொதல்ல ரேம். 16ஜிபி ஒரே ஸ்டிக்கா போட்டுருக்கீங்களா? "அப்புறமா இன்னொண்ணு போட்டுக்கலாம்ணே"ன்னு வாங்குனது, அந்த அப்புறம் வரவே இல்ல, அப்டித்தானே. ஒத்த ஸ்டிக்குன்னா ஒத்த வழிப்பாதை. ரெண்டு 16 ஸ்டிக்கா 32ஜிபி போடுங்க, போடும்போது சிபியுல இருந்து எண்ணி ரெண்டாவது நாலாவது ஸ்லாட்ல போடுங்க, பக்கத்து பக்கத்துல போட்டா நெறைய போர்டுல டூயல் சேனல் வராது. அப்புறம் பயாஸ்ல போயி எக்ஸ்எம்பி, ஏஎம்5ன்னா எக்ஸ்போ, ஆன்ல இருக்கான்னு பாருங்க. டப்பாவுல 3200ன்னு போட்ட ரேம், அத ஆன் பண்ணலன்னா 2133லயோ 2400லயோதான் ஓடிக்கிட்டு இருக்கும், டிடிஆர்5 6000 வாங்குனவன் 4800ல ஓட்டிக்கிட்டு இருப்பான். காசு குடுத்து வாங்குன வேகம், கேக்காம வராது.

ரெண்டாவது, சிம்ம பழைய ஹார்ட்டிஸ்க்ல போட்டுருந்தீங்கன்னா அதுக்கு மருந்தே கெடையாது, எஸ்எஸ்டி வாங்குங்க. என்விஎம்இ தான் வேணும்னு இல்ல, சாட்டா எஸ்எஸ்டியே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் காட்டும். எம்எஸ்எஃப்எஸ் 2020க்கு 150ஜிபி எடம் கேக்கும், 2024 நெறைய விஷயத்த நெட்ல இருந்து எடுத்துக்கிறதால 50ஜிபியோட நிக்கும். எதுவா இருந்தாலும் டிரைவ முட்ட முட்ட ரொப்பாதீங்க.

"திருமயம் தாண்டுனதும் சோந்து போயிருது"

இத நான் ரொம்ப ரசிப்பேன், ஏன்னா சொல்லி வச்ச மாதிரி எல்லாருக்கும் அதே எடம். திருச்சியில ஏறும்போது 45, புதுக்கோட்டையில 45, கோட்டை கண்ணுல படும்போது 30, செட்டிநாடு வரும்போது 22. ஏறிப்போயி கால்மணி நேரத்துல சூடு ஏறிருச்சுன்னு அர்த்தம், வேற ஒண்ணுமில்ல.

எச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அத பின்னாடி ஓட விட்டு சூட்டையும் கிளாக் ஸ்பீடையும் பாருங்க. 5800எக்ஸ்3டி 90 டிகிரி தொட்டா தானே வேகத்த கொறச்சுக்கும், 7800எக்ஸ்3டி 89ல, சாதா ரைசன் 7000 வகையறா 95, இன்டெல் 100. சூடு அந்த நம்பர்ல முட்டிக்கிட்டு நிக்க, கிளாக் சரசரன்னு எறங்குதுன்னா சந்தேகமே இல்ல.

சோதன சுலபம். கேபினட் சைடு கதவ கழட்டிட்டு டேபிள் ஃபேன அதுக்கு நேரா வைங்க, அதே ரூட்ட திரும்ப ஓட்டுங்க. சரியாப்போச்சுன்னா கூலர் நல்லாத்தான் இருக்கு, கேபினட்டுக்குள்ள காத்துதான் போகல. முன்னாடி முழுக் கண்ணாடி போட்டு உள்ள வண்ண வெளக்கு எரியிற கேபினட் பாக்க அழகாத்தான் இருக்கும், சித்திரை வெயில்ல மொட்டமாடி ரூம்ல அது இட்லி சட்டி. முன்பக்கம் வலை போட்ட கேபினட் வாங்குங்க, முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள. கதவ கழட்டியும் சரியாகலன்னா கூலர் சரியா உக்காரல, இல்ல பேஸ்ட் காஞ்சுருச்சு.

நம்ம பக்கம் செம்மண் தூசி வேற. எங்க ஐயா கட்டுன வீட்ல முற்றம் தொறந்து கெடக்கு, காத்தடிச்சா செவப்பு தூசி நேரா பட்டாலைக்குள்ள வந்துரும், மாசம் ஒரு தடவ ப்ளோயர் அடிக்கலன்னா கூலர் ரெக்கைக்கு நடுவுல கம்பளி போத்துன மாதிரி படிஞ்சுரும். அடிக்கும்போது ஃபேன வெரலால புடிச்சுக்கங்க, காத்துக்கு அத வேகமா சுத்த விடாதீங்க. கம்ப்யூட்டர தரையில வைக்காம ஒரு முக்காலி மேல வச்சாலே பாதி தூசி கொறையும். பெரிய வீட்டுக்காரங்களுக்கு ஒரு யோசன, சுண்ணாம்புச் சுவரும் ஒசந்த கூரையும் உள்ள கீழ்க்கட்டு ரூம்ல வைங்க, ரூம் 10 டிகிரி குளிர்ச்சியா இருந்தா உள்ள சிபியுவும் கிட்டத்தட்ட அதே அளவு எறங்கும், ஏசியில்லாம கெடைக்கிற லாபம்.

"எந்த எர்ரரும் இல்ல, பொசுக்குன்னு ஆஃப் ஆயிருது"

இதுதாங்க பெரிய தலவலி, இதுலதான் தேவையில்லாம மதர்போர்டு வரைக்கும் மாத்துனவங்க இருக்காங்க. நீலத் திரை வரல, எர்ரர் வரல, லைட்ட அணச்ச மாதிரி போயிருதுன்னா கரண்டு பக்கந்தான் பாக்கணும். விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல போனா "கர்னல்-பவர் 41"னு ஒரு வரி கெடக்கும், அதுக்கு அர்த்தம் "எனக்கே தெரியாம கரண்டு போயிருச்சு"ங்கிறது மட்டுந்தான், அதப் பாத்து பயந்து விண்டோஸ திரும்பப் போடாதீங்க.

மொதல்ல எப்ப ஆஃப் ஆகுதுன்னு பாருங்க. எந்த நேரமா இருந்தாலும் கார்டு முழு லோடுல இருக்கும்போது மட்டும் ஆச்சுன்னா எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரண்டு குடுக்குற பொட்டி). ஆஃப்டர்பர்னர்ங்கிற சாஃப்ட்வேர்ல கார்டோட பவர் லிமிட்ட 70க்கு எறக்கிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்க, ஆஃப் ஆகலன்னா முடிஞ்சது, எஸ்எம்பிஎஸ் தாங்கல. கார்டு டப்பாவுல 200 வாட்னு போட்டுருந்தாலும் கண்ணிமைக்கிற நேரத்துக்கு அதுக்கு மேல எகிறும், பெரிய கார்டுக இதுல ரொம்ப மோசம். எட்டு கோர் சிபியுவும் 200 வாட் கார்டும் வச்சு கட்டுற மெஷினுக்கு நான் 650 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) சர்டிபிகேட் உள்ளது, தெரிஞ்ச கம்பெனி, இதுக்குக் கீழ போகமாட்டேன். கேபினட்டோட இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ்ஸ பழைய இரும்புக்கடையில போடுங்க.

சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு மணிக்குள்ள மட்டும் ஆஃப் ஆகுதுன்னா கதையே வேற. தெருவுல அத்தன வீட்லயும் மோட்டார், ஏசி, கிரைண்டர் ஓடுற நேரம், 230 வரவேண்டிய எடத்துல 180 வரும். எஸ்எம்பிஎஸ் லேபிள திருப்பிப் பாருங்க, "100-240"னு போட்டுருந்தா அது அந்த 180க்கு அலட்டிக்காது, "200-240"னு போட்டுருந்தா அதான் வெவகாரம். இது கடையில யாரும் சொல்லமாட்டாங்க, கேக்கவும் மாட்டோம்.

அடுத்து இன்வெர்ட்டர். கரண்டு போயி இன்வெர்ட்டர் எடுக்குற நேரத்துல ஆஃப் ஆகுதா? பின்னாடி ஒரு சுச்சு இருக்கும், யுபிஎஸ் மோடு நார்மல் மோடுன்னு. நார்மல்ல இருந்தா மாறுற நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கு தெரியும், ஏன்னா எஸ்எம்பிஎஸ் கரண்டு இல்லாம தம்மு கட்டுறது சுமாரா 16 மில்லிசெகண்டுதான். யுபிஎஸ் மோடுல போடுங்க. ஆனா யுபிஎஸ் மோடுல போட்டா வோல்டேஜ் கொஞ்சம் கொறஞ்சாலே அது பேட்டரிக்குப் போயிரும், ராத்திரி பாத்தா பேட்டரி காலி, அப்பத்தா ரூம்ல ஃபேன் ஓடாது, அப்புறம் விமானம் விழுந்துச்சோ இல்லியோ வீட்ல உங்க தல உருளும். அதனால கம்ப்யூட்டருக்குன்னு தனி யுபிஎஸ் வைங்க. 600விஏ யுபிஎஸ்ன்னா அது ஏறக்குறைய 360 வாட்தான், சிம்மு மெஷின் முழு வேகத்துல அத தாண்டிரும், கரண்டு போன ஒடனே யுபிஎஸ் கீச்னு கத்திட்டு தானும் படுத்துக்கும். 1000விஏ, முடிஞ்சா ப்யூர் சைன்வேவ், ஏன்னா நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாத்துலயும் ஆக்டிவ் பிஎஃப்சிங்கிற சர்க்யூட் இருக்கும், அதுல சிலதுக்கு மலிவு யுபிஎஸ் குடுக்குற சதுர அலை கரண்டு ஒத்துக்காது.

"கேபினட்ட தொட்டா சுருக்குங்குது"

எங்க வீட்லயே நடந்துச்சு. ஆத்தங்குடிக் கல்லு போட்ட தரைய அப்பத்தா ஈரத்துணி போட்டு தொடச்சுட்டு, வெறுங்கால்ல கம்ப்யூட்டர் பக்கத்துல போயி கேபினட்டயும் தொடச்சாங்க, "ஆத்தி"ன்னு ஒரு சத்தம். அன்னைக்கு இருந்து அவங்களுக்கு அது பேய் பொட்டி.

எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகல. அதுக்குள்ள இரைச்சல வடிகட்ட ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் எர்த்துக்கு போகும், சுவர்ல எர்த் இல்லன்னா அந்த கேபினட் கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ்ல, 115 பக்கத்துல, அந்தரத்துல தொங்கும். கரண்டு ரொம்ப கம்மி, அதனால சுருக்குன்னு மட்டும் இருக்கும். ஆனா இத "பழகிப்போச்சு"ன்னு விட்டுறாதீங்க, நாளைக்கு நெசமாவே உள்ள ஏதாவது லீக் ஆச்சுன்னா காப்பாத்த எர்த் இருக்காது. பழைய வீடுகள்ல மூணு ஓட்ட பிளக் இருக்கும், பின்னாடி பாத்தா ரெண்டே வயருதான் வந்துருக்கும். எலக்ட்ரீசியன கூப்புட்டு டெஸ்ட் பண்ணி, எர்த் குழி போட்டு, அந்த ரூமுக்கு எர்த் வயர் இழுங்க. கூடவே ஆர்சிசிபி (லீக் ஆனா கரண்ட வெட்டிவிடுற சுச்சு) ஒண்ணும் போடச் சொல்லுங்க. இத நீங்களே செய்யாதீங்க.

எர்த் போட்டதும் இன்னொரு ஆச்சரியம் நடந்துச்சு, ஹெட்போன்ல கேட்டுக்கிட்டு இருந்த "ங்ங்ங்" சத்தம் நின்னுருச்சு, ஜாய்ஸ்டிக் திடீர் திடீர்னு கழண்டு கழண்டு வந்ததும் கொறஞ்சுருச்சு.

"கீழ தரை கஞ்சியக் கொட்டுன மாதிரி இருக்கு"

மைக்ரோசாஃப்ட் சிம்முல தரைய நெட்ல இருந்துதான் எடுக்குது. 2024க்கு கம்மியா 10 எம்பிபிஎஸ் நெட் வேகம் வேணும், நல்லாருக்க 50. "எனக்கு 100 பிளான்ணே"ன்னுவீங்க, சரி, பிளான் முகப்புல இருக்குற ரவுட்டர் வரைக்கும் 100. நம்ம பெரிய வீடுக ஒரு தெருவுல வாசல் தொறந்தா அடுத்த தெருவுல கொல்லக்கதவு, நடுவுல ஒரு மொழ கனத்துல எத்தன சுவரு, வைஃபை ரெண்டாங்கட்டு தாண்டுறதுக்குள்ள உயிர விட்டுரும். சிம்மு ஓடுற கம்ப்யூட்டர்லயே ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க, போன்ல முகப்புல நின்னுக்கிட்டு போடாதீங்க. கேட்6 கேபிள் வாங்கி உத்தரத்து ஓரமா இழுத்துருங்க, 100 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும், எவ்வளவு நீள வீடா இருந்தாலும் போதும். கிராபிக்ஸ் கார்டு மாத்துற காசுல இது தூசு.

நெட்டு சரியா இருந்தும் கஞ்சியாவே இருந்தா செட்டிங்ஸ்ல ஆன்லைன் டேட்டா ஆஃப்ல இருக்கும், இல்லன்னா ரோலிங் கேஷ் ஃபைல் (எறக்குன தரைப் படத்த சேத்து வைக்கிறது) கெட்டுருக்கும், அத அழிச்சுட்டு புதுசா போடுங்க.

"மூக்கு தன்னால கவுறுது", "ஜாய்ஸ்டிக் நடுவுல காணாமப் போகுது"

தன்னால கவுந்தா மொதல்ல பாக்கவேண்டியது ஒரே ஆக்ஸிஸ் (விமானத்த ஒரு பக்கம் அசைக்கிற கன்ட்ரோல்) ரெண்டு எடத்துல கட்டுப்பட்டுருக்கான்னு. த்ராட்டிலோ கேம்பேடோ புதுசா சொருகுனா சிம்மு தானாவே அதுக்கும் பிட்ச்ச (மூக்க ஏத்தி எறக்குறத) குடுத்து வச்சுரும், ரெண்டு பேரு ஒரே ஸ்டீரிங்க புடிச்ச கத. மத்ததுல போயி எடுத்து விட்டுருங்க. அதுவும் இல்லன்னா விண்டோஸ்ல ஜாய்ஸ்டிக் காலிபரேஷன் தெரையத் தொறந்து கைய எடுத்துட்டுப் பாருங்க, புள்ளி நடுவுல நிக்காம துடிச்சுச்சுன்னா உள்ள இருக்குற பொட்டென்ஷியோமீட்டர் தேஞ்சுருச்சு, டெட்சோன் (நடுவுல லேசா ஆடுனா சிம்மு கண்டுக்காத எடம்) கொஞ்சம் வச்சு சமாளிக்கலாம், அடுத்து வாங்கும்போது ஹால் சென்சார் உள்ளதா பாருங்க, காந்தத்துல வேல செய்யிறது, ஒரசல் இல்ல, தேயாது.

காணாமப் போகுறது பெரும்பாலும் கரண்டு பஞ்சம். யுஎஸ்பி 2 போர்ட் குடுக்குறது 500 மில்லியாம்ப், அதுல ஒரு சாதா ஹப்ப சொருகி யோக், த்ராட்டில், பெடல், வெப்கேம்னு நாலையும் தொங்கவிட்டா எப்டி? தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்க, விண்டோஸ் பவர் பிளான்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட அணைங்க.

"பாதி வழியில டெஸ்க்டாப்புக்கு வந்துருது"

மைக்ரோசாஃப்ட் சிம்முல ஆட்-ஆன் போட்டு வைக்கிற கம்யூனிட்டி ஃபோல்டர காலி பண்ணிட்டு ஓட்டுங்க. பத்துக்கு ஏழு இதுலயே தீரும்னு என் அனுபவம், எங்கிட்டோ எறக்குன ஏதோ ஒரு பழைய ஆட்-ஆன். அதுலயும் நிக்கலன்னா எக்ஸ்எம்பிய அணைச்சுட்டு ஓட்டுங்க, நின்னுச்சுன்னா ரேம் அந்த வேகத்த தாங்கல, பென்டிரைவ்ல மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க விடுங்க, காலைல ஒரு செவப்பு வரி இருந்தாலும் ரேம வாரண்டிக்கு குடுங்க. 16ஜிபி ரேம் வச்சிருக்கவங்க பேஜ் ஃபைல (ரேம் பத்தலன்னா டிஸ்க்ல எடுத்துக்குற எடம்) கையால அணைச்சு வச்சிருந்தா திரும்ப விண்டோஸ் கையில விட்டுருங்க. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வச்சிருந்தா பயாஸ் அப்டேட் பண்ணிருக்கீங்களான்னு பாருங்க, வோல்டேஜ் கோளாறுக்கு 2024ல மைக்ரோகோட் விட்டாங்க, ஏற்கெனவே கெட்டுப்போன சிபியுவ அது சரி பண்ணாது, மேல கெடாம பாத்துக்கும்.

"எல்லாம் ஓடுது, ஓடுதளத்ததான் காணோம்"

எக்ஸ்-பிளேன் காரங்க புகார் இது. சாட்டிலைட் படம் இல்லாத சீனரியில நம்ம பழைய ஓடுதளத்த தேடுனா வெறும் பச்சையாத்தான் தெரியும், கம்ப்யூட்டர் மேல கோவப்பட்டு பிரயோசனம் இல்ல. சாட்டிலைட் படத்த சீனரியா மாத்துற ஆர்த்தோ4எக்ஸ்பிங்கிற சாஃப்ட்வேர்ல வடக்கு 10, கிழக்கு 78 டைல (ஒரு டிகிரிக் கட்டம்) மட்டும் எடுத்துப் போடுங்க, திருச்சி ஏர்போர்ட், புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி எல்லாம் அந்த ஒரே டைல்ல வந்துரும். மதுரையில ஏறணும்னா அது 9ஆம் டைலு, அதுக்கு தனியா எடம் வேணும். ஜூம் லெவல் 16 போதும், 17 போட்டா டிஸ்க் பல மடங்கு திங்கும்.

போட்டுட்டு திருச்சியில ஏறி புதுக்கோட்டை வந்ததும் ஜிபிஎஸ்ஸ அணைச்சுட்டு ரயில் தண்டவாளத்த புடிச்சுக்கங்க, திருமயம் கோட்டை தாண்டி செட்டிநாடு ஸ்டேஷன் வர்றதுக்குள்ள 1500 அடிக்கு எறங்கிருங்க, கோடு கண்ணுல படும்.